சின்ன பட்ஜெட், நெல்லைச் சீமை: காசை எதில் போடுவது?

குறைந்த காசில் படம் எடுக்க நெல்லைப் பக்கம் வருகிற தம்பிகளும் தங்கச்சிகளும் பெரும்பாலும் கேமராவை முடிவு செய்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். எந்த லென்ஸ், எத்தனை நாள் வாடகை எல்லாம் தெளிவாக இருக்கும். ஒலிப்பதிவுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால், "டப்பிங்ல பாத்துக்கலாம் அண்ணே" என்பார்கள். ஒலிப்பதிவாளனாக நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: கேமரா வாடகையில் ஒரு பங்கைக் குறைத்து, லைவ் சவுண்டுக்கும் (நடிக்கும்போதே அந்த இடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்வதற்கும்) கூடுதலாக இரண்டு மூன்று படப்பிடிப்பு நாட்களுக்கும் மாற்றுங்கள். இருட்டுக் காட்சியில் கொஞ்சம் புள்ளி தட்டினால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் பத்தாவது நிமிடத்தில் படத்தை நிறுத்திவிடுவார்கள்.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. சின்னப் படங்களில் நடிக்கிறவர்கள் பாதிப்பேர் ஊர்க்காரர்கள். அம்பாசமுத்திரத்துப் பெரியம்மா ஒருவர் வாசல் தெளித்துக்கொண்டே "எப்ப வந்திய? உள்ள வாங்க" என்று இழுத்துச் சொல்கிற இழுப்பு, அந்த வாசலில், அந்த நேரத்தில்தான் வரும். நாலு மாசம் கழித்துச் சென்னையில் ஏ.சி. அறையில் ஹெட்போன் மாட்டி, திரையில் தன் உதட்டைப் பார்த்துப் பேசச் சொன்னால் அவர் ஒப்பிப்பார். வேறு குரல் போட்டாலோ நெல்லைத் தமிழ் நாடகத் தமிழாகிவிடும். ஊரே அசலாக நின்றும் படம் போலியாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

லைவ் சவுண்ட் என்றால் இடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. காட்சி காலை ஏழு மணி என்றால் காலை ஏழு மணிக்கே போய், பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். சேரன்மகாதேவி வயல் பார்க்க அமைதியாக இருக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் நாலு பக்கமும் பம்புசெட் ஓடும். அந்த நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடைத் திருவிழா எந்த ஊரில் என்றைக்கு என்று கேட்காமல் கால்ஷீட் போடாதீர்கள். கொடைக்குக் கட்டின ஒலிபெருக்கியை உங்கள் வசனத்துக்காக நிறுத்தச் சொல்வது நியாயமும் இல்லை. டீக்கடைக் காட்சியில் பின்னால் பாட்டு ஓடினால் இரட்டைத் தொல்லை: எடிட்டில் வெட்டுகிற இடமெல்லாம் பாட்டு துள்ளும், அதன் உரிமைக்கும் பணம் கேட்பார்கள். கடைக்காரருக்கு அந்த ஒரு மணி நேர வியாபாரத்துக்கான காசைக் கொடுத்துப் பாட்டை நிறுத்திவையுங்கள்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்று தனி விஷயம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்வதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். வைகாசி முதல் ஆவணி வரை அந்தப் பக்கம் திறந்த வெளியில் நீள வசனம் வைக்காதீர்கள். தேவையே என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் போதாது. கூண்டும் அதன் மேல் முடி உறையும் வேண்டும். சட்டைக்குள் ஒட்டுகிற மைக்கைத்தான் அங்கே அதிகம் நம்பலாம், அதுவும் நைலக்ஸ் துணியாக இல்லாமல் பருத்தியாக இருந்தால்.

வீட்டுக்குள் எதிரொலிதான் எதிரி. சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில், கேமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் ஜமுக்காளமும் கம்பளியும் தொங்கவிடுங்கள். பத்தமடைப் பாய் காட்சிக்கு அழகு, ஆனால் எதிரொலியைக் குடிக்கிற கனம் அதற்குக் கிடையாது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் கிளம்ப முடியாது, வீட்டுக்காரர்கள் பாலும் கெடாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையே உள்ள ஓட்டையை அடைப்பது அதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி என் ஒளிப்பதிவாள நண்பர்கள் சொல்லிச் சொல்லி நானும் கற்றுக்கொண்டது கொஞ்சம். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது வெளியில் எடுத்தால் கண்குழியெல்லாம் கறுப்பாக விழும். அதைச் சரிசெய்யப் பெரிய விளக்கும் ஜெனரேட்டர் வண்டியும் எடுப்பதைவிட, காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை மூன்றரைக்குப் பிறகும் வெளிக்காட்சியை எடுத்து, நடுப்பகலை வீட்டுக்குள் வைப்பது மேல். கூடுதல் நாள் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகவும்தான். சன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டி கட்டி, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் வைத்தால் பல காட்சிகள் அதிலேயே நிற்கும். டியூப்லைட் எரிகிற அறையில், நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழுகிற நேரத்தை முடிவு செய்வது) 172.8 பாகையில் வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குத் துடிப்பு தெரியாது. மலிவான எல்.இ.டி. பல்பு அதற்கும் அடங்காமல் துடிக்கும், முந்தின நாளே சோதித்துவிடுங்கள்.

கலைப் பொருட்களை வாங்காதீர்கள். பீடி சுற்றுகிற வீட்டில் பழகின சுளகும் கத்தரியும் இருக்கும். வாடகை கொடுத்து அதையே வையுங்கள்.

கடைசியாக, காசை ஒரே நாளில் விழுங்கக்கூடிய சில அனுமதிகள். பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவி, காரையாறு, மாஞ்சோலை எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருபவை. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் செக்போஸ்டில் நின்று கெஞ்சிப் பயனில்லை. ட்ரோன் காட்சி படத்தைப் பெரிதாகக் காட்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மாவட்டத்தின் தென்பகுதியில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி, சிவப்பு மண்டலம் என்று குறித்த தடைப் பகுதியில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் ட்ரோனை எடுக்கவே வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது ஆடுமாடு விஷயத்தில். ஆடோ சேவலோ காட்சியில் நடித்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும், பிறகு தடையில்லாச் சான்றும் வேண்டும். சென்சாரில் அதைக் கேட்பார்கள். கிராமத்துக் கதை என்றால், திரைக்கதை முடிந்த கையோடு விலங்கு வருகிற காட்சிகளைத் தனியாக எழுதி அந்த விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள், கேமராக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.