‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது’ – சரி, அப்புறம் இந்தத் தையல் எதற்கு?

இந்த வாரமும் அதே வசனம்தான். மேசைமேல் ஒரு சின்ன நாய் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது. அதைத் தூக்கி வந்த பெரியவரின் முன்கையில் துண்டு சுற்றியிருக்கிறது. அவருக்குப் பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர், கடித்த நாய்க்குச் சொந்தக்காரர். “எங்க நாய் ஒண்ணும் பண்ணாது டாக்டர், இன்னைக்கு ஏன் இப்படின்னு தெரியலை” என்கிறார்.

அவர் கெட்டவரில்லை. நாய்மீது உயிரையே வைத்திருப்பவர், தடுப்பூசி அட்டையில் ஒரு தேதி தவறியதில்லை. காலையில் கேட்டைத் திறந்துவிடுவார். அது தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக வந்துவிடும். பல வருடமாக இதுதான் பழக்கம். இவரைப் போன்ற நல்லவர்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். என் எரிச்சலுக்கும் அதுதான் காரணம்.

முதலில் அந்தக் காயத்தைப் பற்றி. வெளியே பார்த்தால் முதுகில் நாலு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். பெரிதாக ரத்தம்கூட வரவில்லை. முடியை மழித்த பிறகுதான் கதை தெரியும். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வினால் கவ்வியதோடு நிறுத்தாது, உதறும். தோல் தளர்வானது, பல்லோடு சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும். அடியில் இருக்கும் தசை அப்படி நகராது, கிழிந்துபோகும். ஓட்டைக்குள் கருவியை விட்டால் அது தோலுக்கடியிலேயே அடுத்த ஓட்டைவரை போகிறது. மார்பில் பல் இறங்கியிருந்தால் காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கியிருக்கும். அதனால்தான் “சின்ன ஓட்டைதானே டாக்டர், மருந்து தடவி அனுப்பிடுங்களேன்” என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டிலேயே மஞ்சள் மருந்து தடவி வைத்திருந்து, மூன்றாம் நாள் சீழும் காய்ச்சலுமாகத் தூக்கி வருபவர்களும் உண்டு. நாயை நாய் கடித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

பெரியவரின் கையைக் கடித்தது எந்த நாய் என்று அவருக்கே தெரியவில்லை. சண்டைக்கு நடுவே கையை விட்டால் சொந்த நாயே கடித்துவிடும். அந்த நேரத்தில் அதற்கு ஆள் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், நாற்காலியையோ பலகையையோ நடுவில் செருகுங்கள். கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

சரி, ‘ஒண்ணும் பண்ணாது’ என்ற அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்குள், உங்களிடம், உங்கள் பிள்ளைகளிடம் அது ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். தெருவில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று நீங்கள் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அப்போது நீங்கள் அதன் கூடவே இல்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் முகங்கள் மாறுகின்றன. ஆனால் நாயின் குணம் பிறந்ததிலிருந்து மாறாத ஒன்றல்ல. இடம், பயம், வலி, பசி, எதிரில் நிற்பது யார் என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். காதுக்குள் புண் இருக்கும் நாய், இடுப்பு எலும்பு தேய்ந்த வயசான நாய், குட்டி போட்ட பெண் நாய் எல்லாம் நேற்றுவரை சாதுவாகத்தான் இருந்திருக்கும். ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்று கொண்டுவரப்படும் நாய்களைப் பரிசோதிக்கும்போது, வீட்டில் யாரும் கவனிக்காத ஒரு வலி அதற்கு இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வால். “வாலை ஆட்டிக்கிட்டுதானே போச்சு!” வால் ஆடினால் நாய் பரபரப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், அந்தப் பரபரப்பு எந்த வகை என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு. விறைத்து மேலே தூக்கி, நுனி மட்டும் படபடக்கும் வால் வேறு. உடம்பு அப்படியே உறைந்து நிற்பது, வாயை இறுக மூடிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது – இதெல்லாம் ‘விலகிப் போ’ என்று அது சொல்லும் முறை. உறுமுவது அதற்குப் பிறகுதான். உறுமியதற்காக அடித்து வளர்த்த நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய்களில் பல இப்படி நாமே உருவாக்கியவை.

“விளையாடத்தான் ஓடிச்சு” என்பது இன்னொன்று. இருக்கட்டும், எதிரே கயிற்றில் பிடித்திருக்கும் நாய்க்கு அது எப்படித் தெரியும்? அவிழ்ந்த நாய் நேராகப் பாய்ந்து வருகிறது. கட்டிய நாயால் ஓட முடியாது, வளைந்து சுற்றி வந்து மோந்து பார்க்கவும் முடியாது. ஓடும் வழி அடைபட்டால் எந்த விலங்கும் சண்டைக்குத்தான் தயாராகும். எதிரே வருவது நேற்று வயிற்றில் அறுவை முடிந்த நாயாக இருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை கடிபட்டுப் பயந்து, மாதக்கணக்கில் பழக்கி இப்போதுதான் வாசல் தாண்ட ஆரம்பித்த நாயாகவும் இருக்கலாம். உங்கள் நாயின் ஒரு நிமிட ‘விளையாட்டு’ அந்த மாதங்கள் அத்தனையையும் அழித்துவிடும்.

கடிக்கவே வேண்டியதில்லை. ஓடும் குழந்தையையும் சைக்கிளையும் துரத்துவது நாயின் இயல்பு, அதில் பகை எதுவும் இல்லை. ஆனால் பைக் ஓட்டி வருபவர் ஒடித்துத் திருப்பி விழுகிறார். கைத்தடி ஊன்றி வரும் பாட்டிமேல் அன்பாகத் தாவினாலும் உடையப்போவது அவர் இடுப்பு எலும்புதான்.

“தடுப்பூசி போட்டாச்சே?” போட்டது மிக நல்லது, அதற்கு என் கைகூப்பு. ஆனால் ரேபிஸ் தடுப்பூசி பல்லை மழுங்கச் செய்வதில்லை. முதல் ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பும் வந்துவிடாது, நாலு வாரம்வரை ஆகலாம். அதற்குமேல், தெருவில் கடித்துவிட்டு ஓடும் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா இல்லையா என்று கடிபட்டவருக்கு எப்படித் தெரியும்? மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம்வரை நாய்களிடமிருந்துதான் வருகிறது. அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. உங்கள் நாய் பிராண்டிய குழந்தையின் அம்மா ராத்திரியெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அவிழ்த்து விடுவதால் அதிகம் அடிபடுவது யார் என்று கேட்டால், உங்கள் நாயேதான். வண்டியில் அடிபட்டு இடுப்பு நொறுங்கி வருவது, குப்பையில் எலி மருந்தைத் தின்று வருவது, உண்ணிக் காய்ச்சல், வாந்தியும் ரத்த வயிற்றுப்போக்குமாக வரும் பார்வோ நோய் எல்லாம் எங்களுக்கு அன்றாடம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். இனச்சேர்க்கையில் பரவும் ஒரு கட்டியும் உண்டு. ஒரு நாயின் புற்றுச் செல்களே அடுத்த நாயின் உடம்பில் ஒட்டி வளர்வது அது, இப்படிப் பரவும் புற்று இயற்கையில் மிக அபூர்வம். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும் என்றாலும் வாராவாரம் வந்து போட வேண்டும். கருத்தடை செய்தால் ஆண் நாய்களில் பெரும்பாலானவை ஊர் சுற்றுவதைக் குறைக்கும். ஆனால் பயத்தில் கடிக்கும் நாய் அதனால் மாறிவிடும் என்று நம்பாதீர்கள்.

மலம் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை, வெளியே வந்ததும் தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்து முற்றிய பிறகுதான் தொற்றும், அப்புறம் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அன்றைக்கே அள்ளிவிட்டால் பிரச்சினை முடிந்தது. தனியாகச் சுற்றும் நாயின் பின்னால் பையோடு யார் போவது?

உடனே “அப்போ நாள் முழுக்கச் சங்கிலியில கட்டிப் போடச் சொல்றீங்களா?” என்பார்கள். இல்லை. நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய் இன்னும் முரடாகும். கேட்டைப் பூட்டுங்கள். தினமும் இரண்டு வேளை, ஆறடிக் கயிற்றில், கயிறு சிறுவர் கையில் இல்லாமல் வளர்ந்தவர் கையில் இருக்க, அழைத்துப் போங்கள். வேகமாக இழுத்துக்கொண்டு ஓடாமல் மோந்து பார்க்க விடுங்கள், அதில்தான் அது களைப்பாகும். நீண்டு சுருளும் கயிறு தெருவுக்கு வேண்டாம், சரியான நேரத்தில் நிற்காது. ‘வா’ என்றால் பத்தில் ஒன்பது முறை வரும் நாய்கூட அவிழ்த்து விடத் தகுதியானதல்ல. அந்தப் பத்தாவது முறைதான் என்னிடம் வருகிறது.

இப்போது வேலியின் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு. முதலில் நேரில் பேசுங்கள், நாய் வெளியே இல்லாத நேரமாக, கோபம் ஆறிய பிறகு. “உங்க நாய் தொல்லை தாங்கல” என்று ஆரம்பித்தால் அவர் நாய்க்காக வாதாடத் தொடங்கிவிடுவார். “காலைல ஸ்கூல் பஸ் வர்ற நேரத்துல பாப்பாவைத் துரத்துச்சு, அவ வெளிய வரவே பயப்படுறா, அந்த நேரம் மட்டுமாவது கேட்டைப் பூட்டி வைக்க முடியுமா?” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேருக்குத் தங்கள் நாய் வெளியே என்ன செய்கிறது என்பதே தெரியாது. வேலை முடிந்து வர நேரமாகிறது, தாழ்ப்பாள் சரியில்லை என்று காரணமும் சாதாரணமாக இருக்கும். தாழ்ப்பாள்தான் பிரச்சினை என்றால் அது ஒரு மணி நேர வேலை.

பேசியும் கேட்கவில்லையா? தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள், படம் எடுத்து வையுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில், எழுத்தில் புகார் கொடுங்கள். விதிகள் ஊருக்கு ஊர் மாறும், அதை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வாய்ப் புகாரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடி நடந்துவிட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், சமாதானம் பேசும் வேலையெல்லாம் அப்புறம்.

நாய் உங்களை நோக்கி வந்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள், கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள், கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். பையோ குடையோ இருந்தால் நடுவில் பிடியுங்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள், முதுகைக் காட்டாதீர்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். இதைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பழக்கிவிடலாம்.

கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட ரொம்ப நீளம். காயத்தில் பொடி, எண்ணெய் எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், ‘வீட்டு நாய்தானே’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஆழமான கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் ஊசியும் போட வேண்டியிருக்கும். “டாக்டர், எனக்கும் சேர்த்து ஒரு ஊசி போட்டுடுங்களேன்” என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் விலங்கு வைத்தியர். அந்தப் பெரியவரையும் கையைக் கழுவ வைத்து நேராக மருத்துவமனைக்குத்தான் அனுப்பினேன்.

கடைசியாக ஒரு கெஞ்சல். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொல்லாதீர்கள், சாப்பாட்டில் விஷம் வைக்காதீர்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். கடித்தபோது எச்சிலில் ரேபிஸ் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய்க்கு நோய் முற்றிவிடும். நன்றாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி உங்கள் மருத்துவர் முடிவு செய்யலாம். நாயே இல்லையென்றால் அந்த வாய்ப்பு போய்விடும். பத்து நாள் முடியட்டும் என்று உங்கள் ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. முதல் ஊசி முதல் நாளே. நாயைச் சொந்தக்காரர் வீட்டுக்குள் கட்டி வைத்து, சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, நடையோ குரலோ மாறுகிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்த உடனே எங்களைக் கூப்பிடட்டும். தொட்டுப் பார்க்காமல்.