இரவுண்ணல் நோய்த்தொகை: சொல்லும் பொருளும்

'நைட் ஈற்றிங் சின்ட்ரோம்' என்பதற்கு இரவுண்ணல் நோய்த்தொகை என்று எழுதலாம். நித்திரை நேரம் பெரிதாக மாறாமல், சாப்பிடும் நேரம் மட்டும் பிந்தி இரவுக்குத் தள்ளிப்போகும் நிலை இது. விடியப் பசி இருக்காது; பிளேன்ரீயோடு காலை போய்விடும். இராச்சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாய் தேடத் தொடங்கும். நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, "ரெண்டு பிஸ்கற் திண்டாத்தான் நித்திரை வரும்" என்று அடுப்படிக்குப் போவார்கள். நாள் உணவில் கால் பங்கோ அதற்கு மேலோ இராச்சாப்பாட்டுக்குப் பின் உள்ளே போவது, அல்லது வாரத்துக்கு இரண்டு தடவையாவது எழுந்து சாப்பிடுவது, இவைதான் மருத்துவர் பார்க்கும் முக்கிய அடையாளங்கள்.

இந்தப் பெயரை 1955இல் அமெரிக்க மனநல மருத்துவர் அல்பேர்ட் ஸ்டன்கார்ட் தந்தார். எடை குறையாமல் அல்லாடிய உடற்பருமன் நோயாளரிடம் இந்த ஒழுங்கைக் கண்டார். 2013இல் வந்த அமெரிக்க உளநோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பிலும் இதற்கு இடம் உண்டு. மெலிந்தவர்களுக்கும் வரும். ஆனாலும் பருமனானவர்களிடம் கூடுதல்.

'சின்ட்ரோம்' கிரேக்கச் சொல். சேர்ந்து ஓடுவது என்பது மூலப்பொருள். பசியின்மை, இரவுத் தீன், விழிப்பு, மாலையில் கூடும் மனச்சோர்வு எல்லாம் ஒன்றாக வருவதால் 'தொகை' பொருந்துகிறது. 'கூட்டறிகுறி' என்று எழுதுவோரும் உண்டு, அதுவும் சரிதான். 'இரவுப் பெருந்தீனி' என்று மட்டும் எழுத வேண்டாம். பெருந்தீனிக் கோளாறு வேறு: அதில் குறுகிய நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் பெருமளவு உண்பார்கள். இங்கே ஒரு துண்டு பாண், ஒரு பிடி மிக்சர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். நித்திரையிலேயே நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு, காலையில் ஒன்றும் நினைவில்லாதிருப்பதும் வேறு நோய். சில நித்திரைக் குளிசைகளாலும் அது வரலாம். இரவுண்ணலில் நினைவு தெளிவாக இருக்கும். விரதம் இருந்து இரவில் சாப்பிடுவதும், இரவு வேலைக்காரர் சாமத்தில் உண்பதும் நோயல்ல.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி மருத்துவரான டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அந்த மண்ணில் இந்த நோய்க்கு இன்றும் வீட்டில் கிடைக்கும் பெயர் 'சாப்பாட்டு ஆசை', 'களவாய்த் தின்னுறது'. இதுதான் எனக்குப் பெரிய கவலை. வெட்கப்பட்டவர் கிளினிக்கில் எடையைச் சொல்வார், சாமத்துச் சாப்பாட்டைச் சொல்லமாட்டார். டொக்டரோ இராச்சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்புவார். பகலில் இன்னும் பட்டினி கிடந்தால் சாமத்துப் பசி கூடத்தான் செய்யும்.

சிகிச்சை உணவை மீண்டும் பகலுக்கு இழுப்பதில் தொடங்குகிறது. பசிக்காவிட்டாலும் காலையில் இரண்டு இடியப்பமாவது சொதியோடு சாப்பிட்டுப் பழகுவது, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டோம் என்று கொப்பியில் குறிப்பது, 'சாப்பிடாவிட்டால் நித்திரை வராது' என்ற நம்பிக்கையை மெல்ல மெல்லச் சோதித்துப் பார்ப்பது, இவை அறிகை நடத்தைச் சிகிச்சையின் பகுதிகள். தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் பயிற்சியும் உதவுகிறது. காலையில் பிரகாசமான விளக்கு வெளிச்சத்தின் முன் இருக்கும் வெளிச்சச் சிகிச்சையும் ஆராயப்பட்டிருக்கிறது. சேர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து சிலருக்குப் பலன் தந்திருக்கிறது, ஆனால் அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். இன்சுலின் போடுபவரோ சீனிவருத்தக் குளிசை எடுப்பவரோ சாமத்தில் வியர்த்து, நடுங்கி, பசியோடு எழும்பினால் அது இரத்தத்தில் சீனி இறங்குவதாகவும் இருக்கலாம். அந்த நேரம் சாப்பாட்டைத் தடுக்கக் கூடாது. சீனியைப் பார்த்து, இறங்கியிருந்தால் உடனே இனிப்பாக ஏதும் கொடுத்து, மருந்தின் அளவைப் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும்.