விட்ட இடத்திலிருந்து

ஒரு மணி நேரம் ஓடும் ஒலிப்புத்தக அத்தியாயம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். 90 சதவீதத்தில் கரண்ட் போனது. மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிட்டது. உலாவி வழியாக இறக்கிய நாட்களில் இப்படி நடந்தால் பல தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இம்முறை கரண்ட் வந்ததும் பழைய கட்டளையையே மறுபடி கொடுத்தேன். மீதி மட்டும் இறங்கியது.

நான் பயன்படுத்தியது டபிள்யூகெட் என்ற கருவி. குரோஷியாவைச் சேர்ந்த ஹர்வோயே நிக்ஷிச் எழுதியது, 1996-ல் வெளிவந்தது. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து கருவியின் ஆங்கிலப் பெயரை அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கில 'சி' எழுத்தும், அப்புறம் கோப்பின் முகவரி, என்டர். அவ்வளவுதான். 'தொடர்' என்பதைத்தான் அந்த 'சி' சொல்கிறது.

தொடர்வதற்கு எந்த இடம் என்று கருவிக்கு எப்படித் தெரிகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் உள்ள எம்பி3, எட்டு பிட் ஒரு பைட் என்பதால், ஒரு விநாடிக்கு 16,000 பைட் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 5,76,00,000 பைட். அதில் 90 சதவீதம் 5,18,40,000. கணினி பைட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. ஆகவே கையில் இருக்கும் கடைசி பைட்டின் எண் 5,18,39,999. அடுத்து வேண்டியதன் எண் 5,18,40,000. வட்டில் கிடக்கும் கோப்பின் அளவு எதுவோ, அதுவே அடுத்து கேட்க வேண்டிய பைட்டின் எண்! டபிள்யூகெட் எதையும் தனியாகக் குறித்து வைப்பதில்லை. பாதிக் கோப்பின் அளவைப் பார்க்கிறது, அந்த எண்ணைக் கோரிக்கையில் 'ரேஞ்ச்' என்ற ஒரு வரியில் எழுதி, கோப்பு இருக்கும் கணினியான சர்வருக்கு அனுப்புகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த எளிமை.

இணையத்தில் கோப்பைக் கேட்பதற்கும் தருவதற்குமான, 1997-ல் வந்த எச்டிடிபி 1.1 விதிகளில் இந்த வரிக்கு இடம் உண்டு. சர்வர் ஒத்துக்கொண்டால் 206 என்ற எண்ணோடு பதில் வரும்; 'கேட்ட பகுதி மட்டும் தருகிறேன்' என்று பொருள். அந்த வசதி இல்லாத சர்வர் 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் முதலிலிருந்து அனுப்பும். ஒரு எச்சரிக்கை: இடையில் சர்வரில் இருக்கும் கோப்பையே யாராவது மாற்றிவிட்டால், பழைய தலையும் புதிய வாலும் ஒட்டிய கோப்புதான் மிஞ்சும். எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண்ணைத் தளம் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கரண்ட் வரும் வரை சும்மா இருக்கவில்லை. இறங்கிய வரை கேட்டுக்கொண்டிருந்தேன். முடியாத கோப்பு எப்படிப் பாடுகிறது? எம்பி3 கட்டிய மல்லிகைச் சரம் போன்றது. ஒவ்வொரு பூவுக்கும் தனி முடிச்சு. எங்கே அறுத்தாலும் மற்றவை உதிராது. எம்பி3-யில் அந்தப் பூவுக்குப் பெயர் ஃபிரேம். ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, அத்தனை மாதிரிகள் எடுத்த பதிவில் ஒரு ஃபிரேம் 1,152 மாதிரிகளைச் சுமக்கிறது, அதாவது சுமார் 26 மில்லிவிநாடி ஒலி. 128 கிலோபிட்டில் அது 417 அல்லது 418 பைட். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் '1' என்ற பிட் வரிசையாகப் பதினொரு தடவை நிற்கும். பிளேயர் அதைக் கண்டதும் 'இங்கிருந்து புதிய ஃபிரேம்' என்று புரிந்துகொள்கிறது. ஒரு மணி நேரப் பதிவில் இப்படி ஏறக்குறைய 1,37,800 முடிச்சுகள்.

எம்4ஏ என்ற இன்னொரு வகை ஒலிக்கோப்புக்கு இந்த அதிர்ஷ்டம் எல்லா நேரமும் வாய்ப்பதில்லை. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதில் ஒரே இடத்தில் இருக்கும். அது கோப்பின் கடைசியில் வைக்கப்பட்டிருந்தால், 90 சதவீதம் இறங்கினாலும் சாதாரண பிளேயரில் ஒரு நொடிகூட ஓடாது. ஒலி எல்லாம் கையில் இருக்கும், வழிகாட்டும் தாள் மட்டும் இருக்காது. அதனால்தான் இணையத்துக்கென்று தயாரிப்பவர்கள் அட்டவணையை முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

சில தளங்களில் ஒரே கோப்பாக எதுவும் கிடைக்காது. ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, அவற்றின் முகவரிகளை ஒரு பட்டியலில் தருவார்கள். ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இது. அங்கே எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, காணொளிக் கருவி கைகொடுக்கும். பட்டியலைப் படித்துத் துண்டுகளை வரிசையாக வாங்கி, 'காப்பி' என்று சொன்னால் தரம் குறையாமல் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடும்.

இறக்க முடிவதெல்லாம் இறக்க உரிமை உள்ளது ஆகிவிடாது. நான் கேட்டுக்கொண்டிருந்தது லிப்ரிவாக்ஸ் பதிவு. 2005-ல் ஹியூ மெக்வயர் தொடங்கிய அந்தத் திட்டத்தில், அமெரிக்கச் சட்டப்படி பொதுவுடைமையான நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து, பதிவையும் பொதுவுடைமையாகவே விடுகிறார்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கழியும் வரை நூலுக்கு உரிமை இருப்பதால், சமீபத்திய எழுத்தாளர் என்றால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மீதிக்கு வருவோம். என் கோப்பில் பாக்கி இருந்தது 57,60,000 பைட், அதாவது ஆறு நிமிட வாசிப்பு. அது இறங்கியதும் 54-ஆவது நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஓட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடினேன். இரண்டு தடவை கேட்டேன். வாசிப்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அவர் குரல் எங்கும் தடுக்காமல் அந்த இடத்தைக் கடந்து போனது.