பாலைவன ஓட்டமும் இறுகிப்போன ஒரு மோதிரமும்

பாலைவன மாரத்தானில் மருத்துவக் கூடாரத்தில் இருக்கும் எங்களுக்கு, ஓடுபவர்களுக்கு வாய்க்காத ஒன்று வாய்க்கும். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அந்த நிலத்தை நிதானமாகப் பார்க்கலாம். இருட்டு விலகும்போது மணல் முதலில் சாம்பல் நிறமாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பு. சூரியன் பாறை விளிம்பைத் தாண்டியதும் செங்கல் தூளைக் கொட்டியதுபோல் மொத்த வெளியும் சிவந்துவிடும். அந்த அழகுக்காகவே காசும் விடுப்பும் சேர்த்து அவ்வளவு தூரம் வந்து ஓடுகிறார்கள். வரவேண்டாம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. வருகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படாமல், வேறொன்றுக்குப் பயந்து வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில், 35-ஆவது கிலோமீட்டரில் இருந்த எங்கள் கூடாரத்துக்கு ஒரு பெண்ணைத் தாங்கிப்பிடித்து அழைத்து வந்தார்கள். முப்பது வயதிருக்கும். தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம். வழியில் ஒருமுறை வாந்தி எடுத்திருந்தார். வாந்தியில் வெறும் தண்ணீர்தான் வந்தது என்றார் கூட வந்தவர். "வெயில் தாங்கவில்லை, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது" என்று ஒரு தன்னார்வலர் அவர் வாயருகே பாட்டிலைக் கொண்டுபோனார். இன்னொருவர் சலைன் பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டார். இருவரும் நல்ல மனிதர்கள். பார்ப்பவர் எவருக்கும் தோன்றக்கூடியதுதான் அவர்களுக்கும் தோன்றியது.

நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது மோதிரம் கண்ணில் பட்டது. விரலின் சதைக்குள் புதைந்து, இருபுறமும் தோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. கடிகாரப் பட்டையும் மணிக்கட்டில் தடம் பதித்திருந்தது. தண்ணீர் வற்றிய உடம்பில் விரல் வீங்காது. அந்தப் போட்டியில் தொடக்க எடையை ஓட்டக்காரரின் எண் அட்டைக்குப் பின்னால் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அட்டையைத் திருப்பினேன்: 58 கிலோ. தராசில் ஏற்றினோம்: 59.6. நாலரை மணி நேரம் பாலைவனத்தில் ஓடிய ஒருவரின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. விரல் நுனியளவு ரத்தத்தில் பார்த்தபோது சோடியம் 126. இயல்பான அளவு 135 முதல் 145 வரை. மாட்டியிருந்த சலைனைக் கழற்றச் சொன்னேன். அதைவிட அடர்த்தியான 3 சதவீத உப்புக் கரைசல் 100 மில்லி மட்டும் நரம்பில் ஏற்றினோம். சிறிது நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "டாக்டர், நான் முடித்துவிட்டேனா?" என்று கேட்டார்.

அவருக்கு வந்தது ஹைப்போநட்ரீமியா. தண்ணீர் மிகுந்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் நிலை. தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. விரல் வீங்கினால் மோதிரத்தோடு போய்விடும். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு விரிய இடமில்லை. தலைவலி, குழப்பம், வலிப்பு, கடைசியில் மூச்சு நின்றுபோவதுவரை அது கொண்டுவிடும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததே அதற்கு முதன்மையான அடையாளமாக இருந்தது. பாஸ்டன் பாலைவனமல்ல, ஏப்ரல் மாதக் குளிர்ச்சியில் நடக்கும் போட்டி. பாலைவனத்தில் பயம் இன்னும் அதிகம், பயந்தவர் இன்னும் அதிகமாகக் குடிக்கிறார்.

வேகமாக ஓடுபவருக்கு இது வருவது அரிது. குடிக்க அவருக்கு நேரமில்லை. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று, கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் குடித்து, ஐந்து ஆறு மணி நேரம் வெளியில் இருப்பவருக்குத்தான் வருகிறது. உடல் சிறியதாக இருந்தால் இன்னும் எளிதாக வரும். முதல் முறை வருபவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். உப்பு மாத்திரை விழுங்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உடனே விட்டுவிடுங்கள். அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீரை மாத்திரையின் உப்பு ஈடுகட்டாது.

எவ்வளவு குடிப்பது என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் அடங்கியதும் நிறுத்துங்கள். எண்ணாகச் சொல் என்று வற்புறுத்துபவர்களுக்கு, மணிக்கு 400 முதல் 800 மில்லி. சிறிய உடம்புக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் கீழ் எண்ணை ஒட்டி, பெரிய உடம்புக்கும் வேகத்துக்கும் மேல் எண்ணை ஒட்டி. அதைவிட நல்ல வழி, பயிற்சிக் காலத்திலேயே ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது. வெயிலில் பாருங்கள், நிழலிலும் பாருங்கள். உங்கள் வியர்வையின் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். ஓடி முடிக்கையில் எடை சற்றுக் குறைந்திருப்பது இயல்பு. கூடியிருக்கவே கூடாது.

பாலைவனம் இந்தக் கணக்கைக் குழப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்பதில்லை. சுரந்த கணமே ஆவியாகிவிடும். தோல் உலர்ந்திருப்பதைப் பார்த்து, வியர்க்கவே இல்லை என்று ஒருவர் நினைப்பார். சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதை அவரால் பார்க்க முடியாது. இன்னொருவர் அதே உலர்ந்த தோலைப் பார்த்து, வியர்வை நின்றுவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பதறி, பாட்டில் பாட்டிலாகக் குடிப்பார். உண்மையில் அந்த ஆவியாதல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். ஓடும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், காற்றிலிருந்தும் உடம்புக்குள் வெப்பம் ஏறத் தொடங்கும். அதன் பிறகு வியர்வையைத் தவிர நமக்கு வேறு கதியில்லை.

அதுவும் ஈடுகொடுக்காமல் போகும்போது வருவதுதான் வெப்பத்தாக்கு. ஹீட் ஸ்ட்ரோக் என்று பரவலாக அறியப்படுவது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கியிருக்கும். பேச்சுக் குழறும். சம்பந்தமில்லாமல் கோபப்படுவார். பாதையை விட்டு விலகி ஓடுவார். "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று கையை உதறுவார். அப்படி உதறுகிறவரைத்தான் விடக்கூடாது. தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பழைய பாடங்களில் படித்திருப்போம். ஓடுபவர்களுக்கு வரும் வெப்பத்தாக்கில் உடம்பு வியர்த்து நனைந்தும் இருக்கலாம். நெற்றியில் காட்டும் வெப்பமானியும் காதில் வைக்கும் வெப்பமானியும் இங்கே நம்பத்தக்கவையல்ல. ஆசனவாய் வழியாக அளப்பதே சரி. கூச்சத்தைப் பார்த்தால் நேரம் போய்விடும்.

வெப்பத்தாக்கு வந்தவரை முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வரிசை மாறக்கூடாது. அமெரிக்காவில் நடக்கும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 போட்டிகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்திருக்கிறது. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உடனே இறக்கியதால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பாலைவனத்தின் நடுவில் தொட்டிக்கு எங்கே போவது? தார்ப்பாய் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஆறு பேர் தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஓட்டக்காரரைக் கிடத்தி, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி, தொட்டிலாட்டுவதுபோல் அசைப்போம். ஒருவர் தலையை மட்டும் தாங்கிக்கொண்டிருப்பார். உள்வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே வந்ததும் வெளியே எடுத்துவிடுவோம். விழுந்த அரை மணி நேரத்துக்குள் இது நடந்தாக வேண்டும். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. இது காய்ச்சல் அல்ல.

எல்லைக்கோட்டைக் கடந்த பிறகு விழுபவர்களைப் பார்த்துக் கூட்டம் அலறும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து குறைவு. ஓடும்வரை கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன, நின்றதும் அந்த வேலை நின்று ரத்தம் காலில் தேங்கிவிட்டது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். என் கண் எப்போதும் எல்லைக்கோட்டுக்கு முன்பே விழுபவர் மீதுதான் இருக்கும்.

வெப்பத்துக்கு உடம்பைப் பழக்க 10 முதல் 14 நாள் தேவை. அந்த நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். குளிர் நாட்டிலிருந்து வருபவர்கள் இதற்கு வழியில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். வழி இருக்கிறது. ஓட்டப் பயிற்சி முடிந்த சூட்டோடு 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு மூழ்கி, அதிகபட்சம் 40 நிமிடம் வரை, தொடர்ந்து ஆறு நாள் இருந்தவர்களின் உடல் வெப்பத்துக்குப் பழகியதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். தலை சுற்றினால் உடனே எழுந்துவிடுங்கள். இதயக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். பழகிய உடம்பு சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், ஆகவே போட்டிக்கு நெருக்கமாகச் செய்தால்தான் பலன்.

அடுத்தது மணல். தார்ச்சாலையில் ஓடிய நேரத்தை வைத்துப் பாலைவன மாரத்தானுக்குத் திட்டமிட வேண்டாம். மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். போதாததற்குக் கண்ணும் ஏமாற்றும். தூசும் ஈரமும் இல்லாத காற்றில் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாறை கூப்பிடு தூரத்தில் நிற்பதுபோல் தெரியும். கானல்நீருக்குப் பேய்த்தேர் என்றொரு பழம்பெயர் தமிழில் உண்டு. அடுத்த பந்தல் இதோ வந்துவிட்டது என்று முக்கால் மணி நேரம் ஓடியவர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் புரியும். பாறையைப் பார்த்து ஓடாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து ஓடுங்கள். மணலில் ஏறும்போது நடங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலிக்காக ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், அதை விழுங்கியவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திடீர்ப் பாதிப்பின் அடையாளங்கள் தெரிந்தன. வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் அது 34 சதவீதம். ஓட்டமே சிறுநீரகத்துக்குச் சுமை. அதன்மேல் இந்த மாத்திரையை ஏற்றாதீர்கள். மறுநாள் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கலாம். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பாதத்தைப் பற்றி ஒரே வரி: உரசும் இடங்களில் போட்டிக்கு முன்பே காகித மருத்துவப் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள், காலணிமேல் மணல் தடுப்பு உறை போடுங்கள்.

பாலைவனம் என்றால் வெயில் மட்டுமே என்று நினைப்பவர்களிடம் நான் இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 1994-இல் மொராக்கோவின் சஹாராப் பகுதியில் நடந்த பல நாள் போட்டியில் இத்தாலிய ஓட்டக்காரர் மௌரோ புரோஸ்பெரி மணற்புயலில் சிக்கினார். நின்றிருக்க வேண்டியவர் தொடர்ந்து ஓடினார். ஒன்பது நாள்களுக்கு மேல் அலைந்து, எல்லை தாண்டி அல்ஜீரியாவில் உயிரோடு கிடைத்தபோது 15 கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார். மணற்புயல் வந்தால் முதுகைக் காற்றுக்குக் காட்டி, முகத்தை மூடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருங்கள். இரண்டாவது, 2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்து வறண்ட மலைப் பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டம். 172 பேர் கிளம்பினார்கள். நடுவழியில் ஆலங்கட்டி மழையும் உறைபனிக் காற்றும் தாக்கின. மெல்லிய உடையில் இருந்தவர்களில் 21 பேர் குளிரில் இறந்தார்கள். குகை ஒன்றில் ஒதுங்கியிருந்த ஓர் ஆட்டிடையன் ஆறு பேரை உள்ளே இழுத்துக்கொண்டு காப்பாற்றினார். ஒரு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டையும் உயிர்காப்புப் போர்வையும் சேர்ந்தாலும் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அமைப்பாளர்கள் கட்டாயமாக்காவிட்டாலும் எடுத்துச் செல்லுங்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கூடாரங்களில் ஐஸ் இருக்கிறதா? சோடியம் பார்க்கும் கருவி இருக்கிறதா? வானிலை கெட்டால் போட்டியை நிறுத்தும் அதிகாரம் மருத்துவருக்கு உண்டா? பதில் வராத போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள். கடந்த ஒரு வாரத்துக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால், டிக்கெட் எடுத்தாகிவிட்டதே என்று யோசிக்காமல் அந்த ஆண்டை விட்டுவிடுங்கள்.

மோதிரம் இறுகிய அந்தப் பெண் மறுநாள் மாலை நன்றாக எழுந்து நடந்தார். மோதிரத்தை மட்டும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு பாலைவனத்திலிருந்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பதக்கம் அதில் இல்லை. எண் அட்டையின் பின்பக்கம், பேனாவால் எழுதிய இரண்டு எண்கள்: 57.8, அதற்குக் கீழே 56.9.