உளுந்தைப் புழு தின்றால் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் உங்கள் வயலை மட்டும் பார்த்துக் கிடைக்காது.

2016 முதல் நடப்பில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வறட்சி, வெள்ளத்தோடு பூச்சி, நோய்த் தாக்குதலும் சேர்க்கப்பட்டுள்ளது. பயறு வகைகளுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் காரிப் (மழைக்கால விதைப்பு) பருவத்தில் 2%, ராபியில் (குளிர்கால விதைப்பு) 1.5%.

பூச்சி இழப்பு கணக்கிடப்படுவது அரசு அறிவிக்கையில் உள்ள கிராமம் அல்லது பிர்க்கா (சில கிராமங்களின் தொகுப்பு) முழுமைக்குமான பயிர் அறுவடைப் பரிசோதனை (மாதிரி வயல்களில் அறுத்து எடை போட்டுப் பார்ப்பது) மகசூலை வைத்து. உத்தரவாத மகசூல் (இதற்குக் கீழே குறைந்தால்தான் இழப்பீடு) ஏக்கருக்கு 300 கிலோ, அந்தப் பகுதியின் சராசரி 210 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு 30%. காப்பீட்டுத் தொகை 16,000 ரூபாயானால் இழப்பீடு 4,800. சுற்றுவட்டாரம் நன்றாக விளைந்து, காய்ப்புழு உங்கள் கொல்லையை மட்டும் காலி செய்திருந்தால் ஒரு ரூபாயும் வராது.

72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் புகார் சொல்லும் வழி ஆலங்கட்டி மழை, நீர் தேங்குதல் போன்ற தனி வயல் சேதங்களுக்கும், வெட்டிக் காயவைத்த பயிர் 14 நாளுக்குள் மழை, புயலில் நனைவதற்கும் உரியது. பூச்சிக்கு அந்த வழி இல்லை. சேமிப்பில் வண்டு துளைத்த பயறும் இதில் வராது.

அதனால் காப்பீடு செய்துவிட்டோம் என்று மருந்தடிப்பைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. பூ எடுக்கும்போதே ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் இழுப்பது), புழு தின்னும் பறவைகள் உட்கார 20 பறவைத் தாங்கிகள் வையுங்கள். பச்சைக் காய்ப்புழுவுக்கான பொறியில் புள்ளிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி விழாது. பொறி காலியாக இருக்கிறதே என்று நம்பி இருக்காமல், பூங்கொத்தைப் பிரித்து, புழு நூலாம்படை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே தென்பட்டால் 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். கரைசல் இலையில் ஒட்ட சிறிது காதி சோப்பு கலக்க வேண்டும். புழு காய்க்குள் புகுந்தபின் தெளித்தால் பலன் குறைவு.

பதிவுக்கு அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் தேவை. கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொது சேவை மையம் எங்கும் செய்யலாம். கடைசித் தேதியையும் உங்கள் கிராமம் அறிவிக்கையில் உள்ளதா என்பதையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். ரசீதில் சர்வே எண், பயிர் பெயர், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள்: பாசிப்பயறு விதைத்த நிலத்துக்கு உளுந்து என்று பதிவாகியிருந்தால் இழப்பீடு நின்றுபோகும்.