பிளாஸ்மா மெல்லேடு: ஒரு சொல் விளக்கம்

மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, ஓர் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழாக்கிக் கொண்டுவந்தாள். தலைப்பு: 'வளிமண்டல அமுக்கத் திரவவிழையத்தால் பல்பகுதியப் பூச்சு'. பல்பகுதியம் என்றால் பொலிமர். "சேர், இதில இரத்தம் எங்க வருது?" என்று அவளே கேட்டாள்.

நல்ல கேள்வி. பிளாஸ்மாவுக்குத் திரவவிழையம் என்று நம் உயிரியல் பாடத்தில் படித்ததைத்தான் அவள் எழுதியிருந்தாள். அங்கே அது குருதியின் திரவப் பகுதி. இந்த ஆய்வில் வருவதோ அயனாக்கிய வாயு, அதாவது அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்த வாயு. திரவமும் இல்லை, இழையமும் இல்லை.

இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? கிரேக்கத்தில் பிளாஸ்மா என்றால் வனைந்தது, உருக்கொடுத்தது. குயவர் மண்ணில் சட்டி வனைகிறாரே, அந்த வினைதான் வேர். பிளாஸ்டிக் என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தது. 1839இல் செக் அறிஞர் புர்க்கின்யே, கலத்துக்குள் இருக்கும் உயிர்ப்பொருளைப் புரோட்டோபிளாசம் என்றார். அதற்கு நாம் வைத்திருக்கும் 'முதலுரு' எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல். 'உரு' என்ற ஈரெழுத்தில் அந்தக் கிரேக்க வேர் முழுதாக வந்துவிடுகிறது.

1928இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் இந்தப் பெயரை வாயுவுக்கு வைத்தார். மின்னிறக்கக் குழாயில் ஒளிரும் வாயு இலத்திரன்களையும் அயன்களையும் சுமந்திருப்பது, குருதித் திரவம் கலங்களைச் சுமப்பதை அவருக்கு நினைவூட்டியது என்று அவரோடு வேலை செய்த ஒருவர் பிற்காலத்தில் எழுதினார். ஐப்பசி மழையில் நம் வாவிக்கு மேலே வெட்டும் மின்னலும், வெல்டிங் கடையில் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் இந்தப் பிளாஸ்மாதான்.

இந்த ஆய்வு, பிளாஸ்மாவைக் கொண்டு துணி போன்ற ஒரு பரப்பின் மேல் மெல்லிய படலம் உண்டாக்குவது பற்றியது. ஆனால் வெல்டிங் சூட்டில் துணி கருகிவிடும். அதனால் படலம் உண்டாக்குவோர் நெடுங்காலமாக வாயுவை வெற்றிட அறையில் ஐதாக்கி வேலை செய்தார்கள். நாம் மூச்சுவிடும் அதே 760 மில்லிமீற்றர் இரச அமுக்கத்திலும் குளிர்ந்த பிளாஸ்மா கிடைக்க ஒரு வழி உண்டு. இரண்டு மின்வாய்களில் ஒன்றையாவது கண்ணாடியாலோ பீங்கானாலோ மூடி, சில மில்லிமீற்றர் இடைவெளியில் ஆயிரக்கணக்கான வோல்ற்று ஆடலோட்ட மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். மூடிய காப்பில் மின்னேற்றம் சேர்ந்து, மின்னோட்டம் வெல்டிங் பொறியாக வளருமுன் தானாக நின்றுவிடும். இலத்திரன்கள் மட்டும் பல்லாயிரம் பாகை வெப்பத்துக்குரிய வேகத்தில் ஓட, வாயு ஏறக்குறைய அறைச் சூட்டில் இருக்கும். ஓசோன் செய்வதற்காக வேர்னர் சீமென்ஸ் 1857இலேயே இந்த அமைப்பை வெளியிட்டார். வெற்றிட அறை தேவையில்லை என்பதால் துணியை உருளைகளில் ஓடவிட்டபடியே வேலையை முடிக்கலாம். மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றின் மேல் சிலிக்கன் சேர்ந்த பொருத்தமான படலம் விழுந்தால், நீர்த்துளி சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல் உருளும்.

அந்தப் படலம் எப்படி உண்டாகிறது? ஈலியம் போன்ற வாயுவோடு, பல்பகுதியத்தின் ஒற்றை அலகான ஒருபகுதியத்தின் ஆவி சிறிதளவு கலந்திருக்கும். இலத்திரன்கள் மோதி அந்த மூலக்கூறுகளை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் பரப்பில் வந்து ஒட்டி, ஒன்றோடொன்று பிணைந்து, பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு நனோமீற்றர் தடிப்பில் படலமாகின்றன. அதனால்தான் 'பூச்சு' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பூசுவதென்றால் பொருள் முதலே வாளியில் இருக்க வேண்டும். இங்கே பொருளே பரப்பில்தான் பிறக்கிறது.

நம் ஊர்ச் சொல் ஒன்று கைகொடுக்கிறது. மட்டக்களப்புத் தயிர்ச்சட்டியின் மேல் நிற்கும் ஏட்டை யாரும் தடவி வைப்பதில்லை; அது அங்கேயே திரள்கிறது. தயிரேடு கீழிருந்து எழுகிறது, இது மேலுள்ள வாயுவிலிருந்து இறங்குகிறது என்ற வேறுபாடு உண்டு. ஆனாலும் மென்படலம் என்பதைவிட மெல்லேடு எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

பல்பகுதியம் என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெர்சீலியஸ் 1833இல் ஆக்கிய பொலிமர் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'பல பகுதி' என்றே பொருள். நம் சொல் அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் பலபடி, பல்லுறுப்பி என்பார்கள். பொலித்தீனில் ஒரே பகுதி திரும்பத் திரும்ப வரும். பிளாஸ்மா ஏட்டிலோ துண்டுகள் ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்திருக்கும். பொலித்தீன் உண்டாகத் தேவைப்படும் இரட்டைப் பிணைப்பே இல்லாத மெதேன்கூட அதில் ஏடாகிவிடும். அதனால் இங்கு பல்பகுதியம் என்பதைச் சற்றுத் தளர்வான பொருளில்தான் எடுக்க வேண்டும்.

சரி, பிளாஸ்மாவுக்கு என்ன தமிழ்? சிலர் அயனிமம் என்று எழுதுகிறார்கள். அயன் என்பதே கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். நம் பாடநூல்களில் ஊறிவிட்டதால் அது தடையில்லை. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் நம் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. அவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லாக்கத்தில் அவசரப்பட எனக்கு மனமில்லை. அயனிமம் வகுப்பில் பழகும்வரை, பிளாஸ்மா என்று எழுதி, முதல் இடத்தில் 'அயனாக்கிய வாயு' என்று விளக்கிவிடலாம். திரவவிழையத்தைக் குருதியோடு விட்டுவிடலாம்.

மாணவியின் தலைப்பை இருவருமாக இப்படித் திருத்தினோம்: 'வளிமண்டல அமுக்கப் பிளாஸ்மாவில் பல்பகுதிய மெல்லேடு படிதல்'.