பணிப்பகிஷ்கரிப்பு: சொல்லும் பொருளும்

மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் பிடிக்கப்படும் பதாகைகளிலும், கல்முனையில் கைக்குக் கை மாறும் துண்டுப்பிரசுரங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் சொல் பணிப்பகிஷ்கரிப்பு. வாயால் சொல்லும்போது எல்லோருக்கும் அது ‘ஸ்ரைக்’தான். எழுத உட்கார்ந்தால் மட்டும் பகிஷ்கரிப்பு வந்துவிடுகிறது. மாநகர சபைகளின் தீயணைப்பு ஊழியர்கள் தங்கள் குறைகளைப் பேசத் தொடங்கினாலும் செய்தித் தலைப்பு இந்தச் சொல்லையே தேடும். அவர்களுக்கு இது பொருந்துமா என்பதைச் சொல்லின் வேரிலிருந்தே பார்க்கலாம்.

பணி தமிழ். பகிஷ்கரிப்பு வடமொழி. ‘பஹிஸ்’ என்றால் வெளியே. ‘கார’ என்றால் செய்தல். வெளியே தள்ளுதல், விலக்கி வைத்தல் என்பதே நேர்ப்பொருள். ஒருவரைச் சாதியிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒதுக்குவதைச் சொல்லப் பயன்பட்ட சொல் இது. நம்மூரில் ஊர்விலக்கு என்பார்களே, அதுதான்.

அரசியலுக்குள் இது வந்தது 1905இல் வங்காளத்தில் எழுந்த சுதேசி இயக்கத்தோடு. அந்நியத் துணியை வாங்காதே என்ற முழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘பொய்கொட்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. 1880இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு நிலப்பிரபுவின் முகவராக இருந்த சார்ள்ஸ் பொய்கொட்டின் பெயர் அது. அவருக்கு அறுவடை செய்ய ஆள் வரவில்லை, கடைக்காரர் பொருள் கொடுக்கவில்லை. ஓர் ஊரே ஒரு மனிதரை விலக்கி வைத்தது. அதற்குப் பகிஷ்காரம் மிகச் சரியான மொழிபெயர்ப்பு. இலங்கைத் தமிழில் சொல் வேரூன்ற 1931 பெரிதும் உதவியது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

தமிழகம் பின்னாளில் ‘புறக்கணிப்பு’க்கு மாறிக்கொண்டது. புறம் என்பதும் வெளி என்பதால் அது நல்ல நிகர்ச்சொல். பொருளையோ தேர்தலையோ கூட்டத்தையோ விலக்கும்போது தயங்காமல் புறக்கணிப்பு என்றே எழுதலாம். வேலையை முற்றாக நிறுத்தினால் ‘வேலைநிறுத்தம்’ போதும்; அதைவிடத் தெளிவான சொல் நமக்குத் தேவையில்லை. ‘பணிவிலகல்’ என்று சிலர் எழுதுவது பிழை. அது வேலையை விட்டே போவது.

இனித் தீயணைப்பு ஊழியரிடம் வருவோம். ‘தீயணைப்புப் படை’, ‘வீரர்’ என்று மதிப்போடுதான் அழைக்கிறோம். ஆனால் அந்த மதிப்பு ஒன்றை மறைத்துவிடுகிறது. இலங்கையில் முப்படையினரும் பொலிஸாரும் சிறைச்சாலை அலுவலரும் தொழிற்சங்கம் அமைக்க முடியாது. மாநகர சபையின் தீயணைப்பு ஊழியர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் படையாள் அல்ல, சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளி. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையும் அந்த உரிமையைத் தருகிறது. கொழும்பிலிருந்து தலைவர் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உரிமை இருந்தாலும் தீ காத்திருக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குப்பைமேடு பற்றினால் புகை முதலில் போவது பக்கத்து வீடுகளுக்குள். 1977 நவம்பரில் பிரித்தானியத் தீயணைப்பாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, அரசு இராணுவத்தைப் பழைய பச்சை வண்டிகளில் இறக்கியது. ஒன்பது வாரம் நீடித்த போராட்டம் அது. இங்கே சில சேவைகளை அத்தியாவசியம் என வர்த்தமானியில் அறிவிக்கும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டத்தில் அரசுக்கு உண்டு. சர்வதேச தொழில் அமைப்பின் குழுக்களும் தீயணைப்பில் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம் என்கின்றன. ஆனால் சங்கம் அமைக்கும் உரிமையைப் பறிக்கலாம் என்று சொல்லவில்லை.

எனவே இவர்களுக்கு ஏற்றது வேறொரு சொல். வேலையை நிறுத்தாமல், விதியில் உள்ளபடி மட்டும் செய்வது அது. செய்திகளில் அது ‘சட்டப்படி வேலை’ என்று வருகிறது. நான் ‘விதிப்படி வேலை’ என்றே எழுதுவேன். இங்கே பேசப்படுவது சட்டம் அல்ல, வேலையின் விதி. சுவாசக் கருவி இல்லாமல் புகைக்குள் இறங்குவதில்லை. ஆள் குறைந்த வண்டியை வெளியே எடுப்பதில்லை. தேய்ந்த டயரோடு பவுசரை ஓட்டுவதில்லை. தீயணைப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைகளைச் செய்வதில்லை. இவற்றைக் கடைப்பிடித்ததும் சேவை தடுமாறினால், அதுவரை அது விதியை மீறித்தான் ஓடியிருக்கிறது என்று பொருள். குறை எங்கே என்பது மாநகர ஆணையாளருக்கும் ஊருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் போராட்ட வடிவத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கேட்பதும் ஆடம்பரமல்ல. தீயணைப்பாளரின் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக 2022இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை முதலாம் பிரிவில் வகைப்படுத்தியது. கரி படிந்த மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்க நேர்ந்தால் அந்த நஞ்சும் வீட்டுக்குப் போகிறது. நிலையத்திலேயே ஒரு சலவை இயந்திரம், மாற்று அங்கி, ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை, அமைய ஊழியருக்கு நிரந்தர நியமனம், உரிய மேலதிக நேரக் கொடுப்பனவு: இவை மேலிருந்து எவரும் எழுதித் தர வேண்டிய கோரிக்கைகள் அல்ல. கடமை மாறும் நேரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று பேசும்போதே உருவாகிவிடும்.

அந்தப் பேச்சு கடதாசிக்கு வரும்போது சொல்லைக் கவனியுங்கள். ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்று தலைப்பிட்டால், தீயில் நிற்கும் ஊரை நாம் விலக்கி வைக்கிறோம் என்று அதிகாரி வாசிப்பார், ஊரும் அப்படியே நம்பும். ‘விதிப்படி வேலை அறிவித்தல்’ என்று தலைப்பிட்டு, எந்த விதி, எந்தத் திகதியில், எந்தத் தீயின்போது மீறப்பட்டது என்று நிலையத்துப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக எழுதி, அழைப்பு வந்தால் விதிப்படி ஆளும் கருவியும் உள்ள வண்டி புறப்படும் என்பதையும் சேர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.